கன்னத்தில் வைத்த பலகை

குரோம்பேட்டையில் கிட்டார் செய்பவர் அவர். எந்த மரத்தையும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் ஈரம் என்பார். எனக்காகச் செய்த கிட்டாரை வாங்கப் போயிருந்தபோது, ஓர் ஆசிரியை இறந்துபோன மகனின் கட்டில் பலகையைக் கிட்டார் செய்யக் கொண்டுவந்தார். ஒரு கிட்டாருக்கு மட்டுமே தேறும்.

பலகையைக் கன்னத்தில் வைத்தவர், "உள்ள ஈரம் கீது" என்றார்.

"ஏசி கார்ல கொண்டுவந்தேன் அண்ணா, அதான் சில்லுனு இருக்கு."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று பலகையை நடுவில் குறுக்காக அறுத்தார். தூள் மாவாக உதிர்ந்தது, ஈரமே இல்லை.

ஆசிரியை இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தார்.

"காஞ்சுதான் கீது. இனிமே அடுப்புக்குத்தான் ஆவும்" என்று சிரித்தார் அவர்.

அன்று அவர் என் கையில் கொடுத்த கிட்டாரைவிட இனிமையான ஒன்றை இன்றுவரை நான் கேட்டதில்லை.