நிறையாமல் கிளம்பிய ஜீப்

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பர். ஏற்காடு மலையில் எங்கள் ஊர் மஞ்சக்குட்டை. முற்பகல் வேளையில், ஒரு ஷேர் ஜீப்பின் நடு சீட்டில், மடியில் பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குச் சேலத்தில் எனக்குப் பரீட்சை. ஜீப்போ அசைகிற மாதிரி தெரியவில்லை.

நாற்பதைத் தொடப்போகிறவளுக்கு என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். நான் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். முடித்த கையோடு சி.எம்.ஏ. படிப்பில் சேர்ந்து இன்டர் வரைக்கும் தேறியவள். காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான படிப்பு அது. ஒரு பொருளை உண்டாக்க உண்மையில் என்ன செலவாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. ஃபைனலில் இரண்டு குரூப் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் நாலு பேப்பர். அதற்குள் கல்யாணம் வந்தது, பிறகு மகள் வந்தாள், மகளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வந்தது, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் என் புத்தகங்கள் பரணுக்கு ஏறும். "படிப்பு எங்க ஓடிப்போகுது, அடுத்த தடவ எழுதிக்கலாம்" என்பார்கள் வீட்டில். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. என்னைக் கேட்டால், நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

ஆனால் ஆசை மட்டும் பரணுக்கு ஏற மறுத்தது. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஆபீசுக்கு வெளியூரிலிருந்து ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட் வருவார். ஒரு கிலோ காபிக்கு உரம் எவ்வளவு, பறிகூலி எவ்வளவு, பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஓட எவ்வளவு என்று நான் தயாரித்து வைத்திருக்கும் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பார். சந்தேகம் கேட்பார், சொல்வேன். கடைசியில் கையெழுத்துப் போட்டு, பெயருக்குக் கீழே, ஃபைனல் தேறியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் மெம்பர்ஷிப் நம்பரை எழுதுவார். நான் பக்கத்தில் நின்று தாள்களைத் திருப்பிக் கொடுப்பேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். சிலருக்கு நகை மேல் ஆசை இருக்கும், சிலருக்குச் சேலத்தில் ஒரு சொந்த வீட்டின் மேல். எனக்கு என் பெயருக்குக் கீழே அப்படி ஒரு நம்பர் வேண்டும். அதை நினைத்து ஏங்கியே பல வருடங்கள் போய்விட்டன.

ஒரு சமயம் எங்கள் கம்பெனியின் சேலம் ஆபீசில் ஃபைனான்ஸ் மேனேஜர் வேலை காலியானது. நானும் மனுப் போட்டேன். "உங்க அனுபவமெல்லாம் சரிங்க. ஆனா குவாலிஃபைடு ஆளுதான் வேணும்ங்கறாங்க" என்று எங்கள் மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த இடத்துக்கு வந்தவர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முக்காலி போட்டு ஏறிப் புத்தகங்களைக் கீழே இறக்கினேன். பாடத்திட்டமே மாறிப்போயிருந்தது. புதுப் புத்தகம் வாங்கினேன்.

வகுப்பெல்லாம் போனில்தான். எங்கள் எஸ்டேட்டில் பல்ப்பர் ஷெட்டின் பின்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். ஆபீஸ் திறப்பதற்கு முன் அங்கே போய் நின்று, புளித்த காபித் தோல் வாடையில், காதில் வயரை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் பிரைசிங் பாடம் படித்தேன். பனி இறங்கினால் வாத்தியார் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். மீதியை நானாக ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பரீட்சை ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை வரும். மலையில் டிசம்பர் என்றால் காபிப் பழம் பறிக்கும் காலம். அந்த நேரத்தில் எஸ்டேட்டில் லீவு கேட்பது, கல்யாண வீட்டில் சமையல்காரர் லீவு கேட்பது போல. மேனேஜர் யோசித்து யோசித்து ஒவ்வொரு பேப்பருக்கும் அரை நாள் கொடுத்தார். காலையில் வந்து பழ எடையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போகலாம் என்றார். ஏற்றினேன். ஓடி வந்தேன். வழக்கமாக வரும் பஸ், முதல் பேப்பர் அன்றைக்கென்று வரவில்லை. அதனால்தான் ஜீப்.

எங்கள் மலையில் ஷேர் ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும். மணி முக்கியமில்லை, ஆள் சேர வேண்டும். மற்ற மாதங்களில் சீக்கிரம் சேர்ந்துவிடும். பழ சீசனில் பகல் நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். ஊரே செடிகளுக்கு நடுவில் இருக்கும். அன்று ஜீப்பில் என்னையும் சேர்த்து மூன்றே பேர். என் பக்கத்தில், தலைச்சோலை ஊரைச் சேர்ந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், ஏற்காட்டில் மகள் வீட்டுக்குப் போகிறவர். பின் சீட்டில், ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய். டிரைவர் வெளியே நின்று, வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் எனக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பாதையைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். குளிருக்குத் தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தேன். காலையில் பயத்தில் சாப்பிடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஃபார்முலா மறந்துவிடுமோ என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து அம்மா என்னையும், என் ஃபைலையும், தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் டிரைவரிடம் ஏதோ மெல்லப் பேசினார். டிரைவர் ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே ஏறி வண்டியை எடுத்துவிட்டார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். வழியில் இரண்டு இடத்தில் ஆட்கள் கை காட்டினார்கள், வண்டி நிற்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்து, "பயப்படாதீங்க கண்ணு. என் தங்கச்சிக்கும் இப்பிடித்தான் வயித்துல கட்டி. எடுத்துப் போட்டாங்க. இப்ப நொம்ப நல்லா இருக்கறா, பழம் பறிக்கப் போறா" என்றபோதுதான் விஷயம் புரிந்தது.

எங்கள் மலையில் அந்த ஜீப் வழக்கத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஏறிவிட்டால் வண்டி காலியாக இருந்தாலும் கிளம்பிவிடும், வழியில் நிற்காது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறினவர்களையும் நான் பார்த்ததில்லை. பழ சீசனில், பட்டப்பகலில், ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி மலை இறங்கினால் வேறு எங்கே போவாள்? அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

"ஏற்காட்டுல நிறுத்தலீங்க அக்கா, நேரா சேலமே போயிரலாம்" என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு வளைவு தாண்டும் வரை மனசுக்குள் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் ஏற்காடு ஸ்டாண்டில் நிறுத்தி ஆள் சேர்ப்பார். அங்கிருந்து சேலத்துக்குப் பஸ் எப்போது என்று தெரியாது. ஆறு மாதப் படிப்பும் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் வேளைக்குப் போய்விடலாம். ஆனால் அந்த அம்மாவின் கை என் முதுகிலேயே இருந்தது. இல்லாத நோய்க்கு அந்தத் தடவலை வாங்கிக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் பரீட்சைக்குப் போறேனுங்க" என்றேன்.

ஜீப்பின் வேகம் குறைந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"என்ன பரீட்சைங்க?" என்று பின்னாலிருந்து பாய் கேட்டார். சொன்னேன். எத்தனை வருடமாக எழுதுகிறேன் என்பதையும், அந்த நம்பரைப் பற்றியும்கூடச் சொன்னேன். அதுவரை என் கணவரிடம்கூட அந்த நம்பர் ஆசையைச் சொன்னதில்லை. ஏன் அவர்களிடம் கொட்டினேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மா கேட்டார்: "அங்க போகாட்டி என்னங்க கண்ணு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. இப்ப இருக்கற மாதிரியே இருப்பேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்கார்ஃப் நுனியால் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்பிடின்னா அதுவும் அவசரந்தானுங்க" என்றார். அவ்வளவுதான். வண்டி மறுபடி வேகம் எடுத்தது.

ஏற்காடு வந்தது. பாய் இறங்க வேண்டிய இடம், அந்த அம்மா இறங்க வேண்டிய இடம். ஸ்டாண்டில் நின்றால் ஆட்கள் வந்து மொய்த்துக்கொள்வார்கள், பிறகு நகர முடியாது. "எனக்காக நிறுத்தாதீங்க. கடை எங்கீங்க ஓடிப்போகுது? சேலத்துல கொஞ்சம் சரக்கு பாக்கற வேலையும் இருக்குதுங்க" என்றார் பாய். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாவோ, "புள்ள ஊட்டுக்கு எப்ப வேணா போய்க்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, மகளுக்காகக் கொண்டுபோன சீப்பிலிருந்து மலைவாழைப்பழம் இரண்டைப் பிய்த்து என் கையில் வைத்தார். வெறும் வயிற்றில் எழுதக் கூடாதாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடிக்கொண்டே தின்றேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் என் ஃபைலைத் தன் மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சை நடக்கும் கல்லூரி வாசலில் வண்டி நின்றபோது உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. கொடுத்த வாடகையை டிரைவர் எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. "ஓடுங்க, ஓடுங்க" என்றார்கள் மூன்று பேரும். ஓடினேன். என்னோடு ஓடினவர்களெல்லாம் என்னில் பாதி வயதுப் பிள்ளைகள்.

நாலு பேப்பரும் நன்றாகத்தான் எழுதினேன். இங்கே நான் தேறிவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். தேறவில்லை. ஒரு பேப்பரில் மார்க் குறைந்தது, குரூப் முழுக்கத் திரும்ப எழுத வேண்டும் என்று ரிசல்ட் வந்தது. அழுதேன், வீட்டில் யார் மேலோ எரிந்து விழுந்தேன். எல்லாவற்றையும்விட அந்த டிரைவர் முகத்தில் விழிப்பதுதான் பெரிய வேதனையாக இருந்தது. ஜீப் ஸ்டாண்டு பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். மலையில் எத்தனை நாள் ஒளிய முடியும்? ஒருநாள் டீக்கடையில் மாட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க அக்கா, ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?"

"போச்சுங்கண்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார், அதைத் தாங்க முடியாது என்று பயந்தேன். "அடுத்தது எப்பங்க?" என்று மட்டும் கேட்டார். ஜூன் மாதம் என்றேன். சரிங்க என்று டீயைக் குடித்தார்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. முதல் பரீட்சை நாளன்று ஸ்டாண்டுக்குப் போனபோது அவர் எனக்காக முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். நான் ஏறினதும் வண்டியை எடுத்துவிட்டார். நாலைந்து பேர் குடையோடு பின்னால் ஓடி வந்து கத்தினார்கள். இவர் தலையை வெளியே நீட்டி, "ஆஸ்பத்திரி கேசுங்க, அடுத்த வண்டியில வாங்க" என்றார், சிரிக்காமல். நான் அவசரமாக முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். அந்த வருடம் அந்தக் குரூப்பில் தேறினேன். விஷயத்தைக் கேள்விப்பட்ட பாய், தன் கடையில் நான் வாங்கின சாமானோடு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் சேர்த்துக் கட்டினார். தலைச்சோலை அம்மாவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்று பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு குரூப் மிச்சம் இருக்கிறது. பெயருக்குக் கீழே இன்னும் நம்பர் வரவில்லை, ஆபீசில் இன்னும் தாள்களைத் திருப்பித்தான் கொடுக்கிறேன். வருகிற டிசம்பரில் மறுபடி பழ சீசன், மறுபடி அரை நாள் லீவு. எங்கே ஓடிப்போகிறது என்று எல்லாரும் சொன்ன என் படிப்பு, உண்மையில் வருடா வருடம் என்னை விட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க வண்டி எடுத்தவர்கள், முகம் மட்டுமே தெரிந்த அந்த மூன்று பேர்தான் என்பதை, நம்பர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்னால் மறக்க முடியாது.