கற்பூரத்துக்கு வராதவர்கள்

எங்கள் கிணற்று மோட்டார் ஒயர் மூன்றாவது முறையும் களவு போனபோது, திருடனுக்கு அப்படி என்னதான் தண்டனை கொடுக்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடுவது என முடிவுசெய்தேன். ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் போனேன். பனவடலிசத்திரம் பக்கத்து நிலம் என் கணவர் விட்டுப்போனது. ஒயர் இல்லாமல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் நான் வைத்த எலுமிச்சைக் கன்றுகள் எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்காது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பிடிபட்டவன் பக்கத்து ஊர்க்காரன். முதல் இரண்டு தடவையும் பழைய இரும்புக் கடையில் காப்பரை எடைக்குப் போடும்போது கையும் களவுமாகச் சிக்கினான். மூன்றாவது தடவை யாரும் எதையும் பார்க்கவில்லை. ஒயரைக் காணோம் என்றதும் போலீஸ் ஜீப் நேராக அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. எனக்கும் அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "குத்தத்த ஒத்துக்கிடுதேன் ஐயா" என்றான். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பவன்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பான். ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களே தண்டனை என்று தீர்ப்பாயிற்று. அன்று சாயங்காலமே அவன் வெளியே வந்துவிட்டான்.

ஊரே கொதித்தது. டீக்கடைக்காரர், "இதெல்லாம் ஒரு கோர்ட்டா? கள்ளனுக்கு மாமியார் வீடுலா இது!" என்றார். எங்கள் நிலத்துக்கு அடுத்த பங்கு என் கொழுந்தனாருடையது. கிணறு இருவருக்கும் பொது. அவர், "கைய வெட்டணும் மதினி. இவனுவ இருக்கது வரைக்கும் பொம்பள ஆளு வெவசாயம் பாக்க முடியாது. பேசாம நெலத்த எங்கிட்டயே குடுத்துருங்க" என்றார். நிலத்தைப் பற்றிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கையைப் பற்றிய பேச்சை அன்று நானும்தான் ஆமோதித்தேன்.

சில நாள் கழித்து அவனே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்ன தைரியம் இவனுக்கு என்று எழுந்தேன்.

"யம்மா, இந்தத் தடவ நான் எடுக்கல."

"பின்ன ஏம்ல கோர்ட்டுல ஒத்துக்கிட்ட?"

"இல்லன்னு சொன்னா கேஸ் நடக்கும்லா? எனக்கு ஜாமீனுக்கு யாரு நிப்பா? வாய்தா வாய்தான்னு உள்ளயே கெடக்கணும். பொஞ்சாதி நெறமாசம். ஒத்துக்கிட்டா ஒடனே விட்டுருவாவன்னு தெரியும். மொத ரெண்டு தடவயும் அப்பிடித்தான விட்டாவ?"

விரட்ட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு குணம், புரியாத ஒன்று கண்ணில் பட்டால் அதைக் குடைந்து பார்க்காமல் தூக்கம் வராது. தண்டனை குறைவாக இருப்பதால் திருடன் தப்பிக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திருடாதவனும் அதனால்தான் திருடனாகிறானா? அப்படியானால் உண்மையாக எடுத்தவன் எங்கே இருக்கிறான்?

"மொத ரெண்டு தடவ?"

"அது நாந்தான். இந்தத் தடவ பூட்டே ஒடையலயாமே. பூட்ட ஒடைக்காம நான் எப்பிடிம்மா உள்ள போவேன்?"

மோட்டார் ரூம் பூட்டு உடையாததை நானும் பார்த்தேன். யாரோ பூட்ட மறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அந்தப் பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று கொழுந்தனாரிடம். அதற்கு மேல் யோசிக்க அப்போது மனசு ஓடவில்லை.

அவன் வந்த காரியம் வேறு. புளியங்குடியில் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மாமனார் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மறுபடியும் களவுக் கேஸில் உள்ளே போய் வந்தவனை வாசல்படி ஏறவிடமாட்டேன் என்று நிற்கிறாராம். களவு கொடுத்தவர்களே வந்து இவன் எடுக்கவில்லை என்று சொன்னால் விடுகிறேன் என்றிருக்கிறார். பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"நீ சொல்லுதத நான் எப்பிடில நம்ப? மாடன் முன்னால கற்பூரம் அணைப்பியா?"

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச்சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்பார்கள். கோர்ட்டில் அவ்வளவு சுலபமாக வாய் திறந்தவன் இப்போது தயங்கினான். பிறந்த பிள்ளையை நினைத்திருப்பான். பிறகு, "அணைக்கேன்" என்றான்.

அவன் மட்டும் ஏன்? கிணற்றுப் பக்கம் போய்வருகிற எல்லோரும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை, சுடலைமாடன் பீடம். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?

அப்போதுதான் வேடிக்கை தொடங்கியது. ஒருவருடைய ஆட்டுக்குச் சீக்கு, ஒருவருக்குக் கையில் சிரங்கு. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "அதான் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியாச்சே அக்கா, பொறவு என்னத்துக்குக் கற்பூரம்? கோர்ட்டு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். இவருக்குக் கோர்ட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கை எப்போது வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொழுந்தனாருக்குத் தென்காசியில் அவசர வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்து நின்றது அவன் ஒருவன்தான். குளித்து, திருநீறு பூசி, துவைத்த சட்டை போட்டிருந்தான். கற்பூரத்தைக் கொளுத்தினேன். "நான் எடுக்கல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஒரே அடியில் அணைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரமும்தான். யார் மேல் ஆத்திரம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அங்கிருந்தே இருவரும் புளியங்குடிக்குப் பஸ் ஏறினோம். மாமனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் யாரென்று சொல்லி, "ஒயர இவன் எடுக்கல" என்றேன். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. இவன் தலையை நிமிர்த்தவில்லை.

பெரியவர் அசையவில்லை. "நீங்க பாவம் பாத்துச் சொல்லுதிய. இவன் எடுக்கலன்னா பின்ன யாரும்மா எடுத்தா?"

போலீஸ் என்னிடம் இதைக் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியவர் வாசலை விட்டு நகரமாட்டார்.

"எங்க வீட்டு ஆளுதான் எடுத்திருக்கணும்" என்றேன். "எங்க கொழுந்தனாரு."

சொன்ன பிறகு என் காதே சுட்டது. பெரியவர் ஓரமாக நகர்ந்து, மருமகனிடம், "கைகாலக் கழுவிட்டு உள்ள போ" என்றார்.