டோரத்தியும் எங்கள் ஜெனரேட்டரும்

இந்த ஊரில் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் முதலில் விளக்கை அணைக்க வேண்டும். எலெக்ட்ரிக் கெட்டிலைச் செருகியதுமே தலைக்கு மேல் எரியும் பல்பு மஞ்சளாகிச் சுருங்கிவிடும். சூடான காற்றை அறைக்குள் தள்ளுகிற விசிறி மூச்சு வாங்குகிறவரைப் போல இழுத்து இழுத்துச் சுற்றும். காஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் சிலிண்டரில் உள்ளதை வீட்டைச் சூடாக்க மிச்சம் பிடித்தாக வேண்டும். அதனால் விடியாத காலையில் இருட்டில் நின்று காபி போடப் பழகிவிட்டேன். கனடாவின் வடக்கே, காட்டை ஒட்டிய ஒரு கட்டுமான முகாமின் ஓரத்தில், சக்கரம் வைத்த வீட்டில் குடியிருக்கிறோம். ட்ரெய்லர் என்கிறார்கள். லாரியின் பின்னால் மாட்டி எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். ஊர் மின்கம்பங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. வெளியே பலகை மேல் உட்கார்ந்து பெட்ரோல் குடிக்கும் பழைய ஜெனரேட்டர்தான் எங்களுக்குக் கதி. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு பல்புதான். ஆனாலும் அம்மாவின் மண்ணெண்ணெய் அடுப்பு அந்தப் பல்பிடம் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை.

இந்த முகாமில் வேலை கிடைத்து என்னை இங்கே கூட்டி வந்த என் கணவர் சேவியர், முன்பு மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். என் நைனா டோல்கேட் பக்கத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் சின்னக் கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நானும் கடையில் உட்கார்ந்துவிட்டேன். முரட்டுக் கை பட்டால் கம்பியின் மேல்பூச்சு உரிந்துவிடும் என்று மெல்லிய கம்பிகளையெல்லாம் நைனா என்னிடம்தான் தள்ளுவார். எண்ணூருக்கும் மணலிக்கும் போகிற லாரிகள் கடந்து போகும்போது மேசையில் இருக்கும் திருகாணிகள் குதிக்கும். சேவியர் கருகிப்போன மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து இறக்குவார். இறக்கிய பிறகும் போகமாட்டார். ஒருநாள், பிரித்தெடுத்த காயில் ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாரு ஸ்டெல்லா. இன்னா சொல்லுது?”

உப்பும் கருகிய வார்னிஷும் கலந்த வாடை. “கடத்தண்ணி பூந்துகீது” என்றேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நைனா பார்த்துவிட்டார். அடுத்த வருடம் ராயபுரம் கோயிலில் எங்களுக்குக் கல்யாணம். என் தோழிகளுக்கு மல்லிகைப் பூவும் மெரினாவும் வாய்த்தன என்றால் எனக்குக் கருகிய காயில் வாய்த்தது. நான் குறைப்படவில்லை. எந்த இடத்தில் சூடேறியது, எது முதலில் போனது, எதனால் போனது என்று இருவரும் தலையைக் குனிந்து தேடுவது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பாஷையாக இருந்தது. அந்தப் பாஷையை வேறொருத்தியும் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

டோரத்தி எங்களுக்கு அடுத்த மரவீட்டுக்காரி. நாற்பதைத் தாண்டியவள், சேவியரைவிட ஒரு பிடி உயரம். புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். முகாமுக்குச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டுகிறாள். அப்பாவின் பண்ணையில் ஜெனரேட்டர் சத்தத்தோடு வளர்ந்தவள் என்பதால், முதல் குளிர் வந்து எங்கள் ஜெனரேட்டர் தடுமாறத் தொடங்கியதுமே ஸ்பானரோடு வந்து நின்றாள். என்ஜின் சீராக ஓடாது. ஒரு நொடி சீறும், மறுநொடி அடங்கும், மறுபடி சீறும். வீட்டுக்குள் விளக்கும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். இருவரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து எதையோ திருகுவார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள், சிரிப்பார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனால், “குளுருதுமே, உள்ள போ” என்பார் சேவியர். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அது கதவைச் சாத்துவது போலக் கேட்டது.

ஒரு ஞாயிறு, ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பதை டோரத்தி கவனித்துவிட்டாள். கையை ஆட்டினாள். பிறகு சேவியர் பக்கம் திரும்பி, “ஷி இஸ் ஹண்டிங் அகெய்ன்” என்றாள். அவரும் தலையை ஆட்டிச் சிரித்தார். ஹண்டிங் என்றால் வேட்டை. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். புருஷனை வேட்டை நாய் போல மோப்பம் பிடிக்கிறேன் என்கிறாள், இவரும் அதை ஒத்துக்கொண்டு சிரிக்கிறார். அன்று முதல் நான் உண்மையிலேயே வேட்டையாடத் தொடங்கினேன். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றப் போகும்போது இவர் தலை வாரிக்கொள்கிறாரா என்று பார்த்தேன். அவள் குடித்த கோப்பையைத் தனியாக வைத்தேன். ஒருநாள் அவளுக்கு மட்டும் சர்க்கரை போடாமல், கசக்கக் கசக்கக் காபி கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு “பெர்ஃபெக்ட்” என்றாள். இந்த ஊர்க்காரர்களைக் காபியால் பழிவாங்க முடியாது.

கடைசியில் ஒருநாள் காலையில் வாயைத் திறந்துவிட்டேன். அவள் எதைச் சொன்னாலும் இளித்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். அவள் மிஷினைப் பற்றித்தானே பேசுகிறாள் என்றார் சேவியர்.

“மிஷினப் பத்திப் பேசறதுக்கு நான் இல்லியாய்யா?”

அவர் பூட்ஸ் கயிற்றை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று மதியம்தான் அது நடந்தது. வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது, எப்போதும் போல ஏறி இறங்கித்தான் ஓடுகிறது, ஆனால் வீட்டுக்குள் விசிறி நின்றுவிட்டது. பல்பு சிவந்த கம்பியாக மட்டும் தெரிந்தது. விசிறி நின்றால் ட்ரெய்லர் சூடாகாது. சூடு இல்லையென்றால் தரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். வெடித்தால் இந்த வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. முகாமைவிட்டுப் போனால் சேவியருக்கு வேலையும் இல்லை. அவர் திரும்பச் சாயங்காலம் ஆகும். டோரத்தி வீட்டுக் கூரையில் புகை போய்க்கொண்டிருந்தது. போய்க் கூப்பிட்டால் ஓடி வருவாள். கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கெட்டில், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் பிடுங்கினேன். நைனா கடையிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த சோதனைப் பல்பு பெட்டியில் இருந்தது. இரண்டு கம்பி தொங்கும் சாதாரண பல்பு. அதை எடுத்துப் போய் ஜெனரேட்டரிலேயே வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. சரி, ஜெனரேட்டரின் காயில்தான் போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த ஊர்க் கரண்டு நம் ஊர்க் கரண்டில் பாதி. மெட்ராஸ் பல்பு இங்கே எங்கே வைத்தாலும் மங்கலாகத்தான் எரியும். உள்ளே ஓடி, இங்கே வாங்கிய மேசை விளக்கைத் தூக்கி வந்து செருகினேன். பளிச்சென்று எரிந்தது. அதே விளக்கை ட்ரெய்லருக்கு வந்து சேரும் ஒயரின் முனையில் செருகினேன். சிவந்த கம்பி. ஆகவே கோளாறு இரண்டுக்கும் நடுவில். புகை உள்ளே வரக்கூடாது என்று சேவியரும் டோரத்தியும் போன வாரம் ஜெனரேட்டரைத் தள்ளி வைத்திருந்தார்கள். எட்டாத தூரத்துக்கு இன்னொரு மெல்லிய ஒயரை இணைத்திருந்தார்கள். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு ஒயரோடு கை வைத்துப் போனேன். அந்தக் குளிரிலும் இணைப்பு இருந்த இடம் சுட்டது. பிளக்கைப் பிரித்தால் உள்ளே கருப்பு.

திடீரென்று சத்தம் நின்றதைக் கேட்டு டோரத்தி வந்துவிட்டாள். பிளக்கை அவள் பக்கம் நீட்டினேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “ஸ்மெல்” என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு குனிந்து நன்றாக மோந்து பார்த்தாள். “ஓ, ஷி இஸ் குக்ட்” என்றாள். நான் சமைக்கவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவள் முழித்தாள். கருகிப்போனதை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். பிறகு தன் கொட்டகைக்குப் போய், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு நீள ஒயரை இழுத்து வந்தாள். இணைப்பே இல்லாமல் மாட்டி ஓட்டினோம். விசிறி சுற்றியது, விளக்கு நன்றாகவே எரிந்தது, ஆனாலும் என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. டோரத்தி ஜெனரேட்டரின் தலையில் தட்டினாள்.

“ஸீ? ஷி இஸ் ஸ்டில் ஹண்டிங்.”

ஏறி இறங்கும் சத்தத்துக்கு ஏற்றாற்போலக் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். என்ஜின் ஒரு வேகத்தில் நிற்காமல் தேடித் தேடி அலைவதற்கு இங்கே ஹண்டிங் என்று பெயர். இவர்களுக்கு மிஷினும் ‘ஷி’தான். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமா நிம்மதியா என்று பிரிக்கத் தெரியாமல் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் கார்புரேட்டரைக் கழற்றினாள், நான் கிண்ணத்தைப் பிடித்தேன். பெட்ரோலின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. துடைத்து, வேறு பெட்ரோல் ஊற்றி ஓட்டினாள். சத்தம் ஒரே கோடாக வந்தது.

சாயங்காலம் சேவியர் வந்தபோது நாங்கள் இருவரும் குளிரில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கருகிய பிளக்கை அவரிடம் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனவர், என் முகத்தைப் பார்த்தார். “இனிமே இதுக்கு என்னக் கூப்டு” என்றேன். “சரிமே” என்றார். அவ்வளவுதான். என் பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். டோரத்தியின் ஆங்கிலத்துக்கு அவர் சட்டென்று சிரிக்கும்போது இப்போதும் என் காது அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் ஜெனரேட்டர் முரண்டு பிடித்தால் டோரத்தி இப்போது என் ஜன்னலைத்தான் தட்டுகிறாள். “ரெண்டு பேரும் தோஸ்தாயிட்டீங்க, நான் எதுக்கு” என்று சேவியர் முணுமுணுக்கிறார். அதைக் கேட்க எனக்கு இனிக்கிறது.

டிசம்பர் கடைசி நாள், மதியத்துக்குச் சற்று முன், டோரத்தியிடம் ஒரு விஷயம் சொன்னேன். இங்கே பகல் என்றாலும் மெட்ராஸில் இந்நேரம் புது வருடம் பிறக்கிறது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சங்கு ஊதும். ராயபுரம் முழுக்கக் கேட்கும். நள்ளிரவுப் பூசைக்குக் கோயிலில் இருப்பவர்களும் ஒரு நிமிடம் வாசல் பக்கம் திரும்புவார்கள். அவள் எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. எழுந்துபோய்த் தன் லாரியில் ஏறி ஹார்னை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கிளைகளிலிருந்து பனி உதிர்ந்தது. சேவியர் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு வெளியே ஓடி வந்து, கடல் இருக்கும் திசை எதுவென்று தெரியாமல் காட்டைப் பார்த்து நின்றார். ராயபுரத்தில் இருக்கும் என் தங்கை இந்நேரம் புது வருடத்துக்குள் போய்விட்டிருப்பாள். எனக்கு முன்னால் போய்விட்ட அவள்மேல் பொறாமையாக இருந்தது. நான் பழைய வருடத்தின் பனியில் கால் புதைய நின்றுகொண்டு, புது வருடத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.