பார்ப்பதற்கு மட்டும் பூ

இன்று காலை சாமிக்குச் சரம் வாங்க, அம்மாவோடு சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பூக்கடைக்குப் போனேன்.

"சகுரா பூ பாக்க ஜப்பான் போறேன்க்கா" என்று கடைக்கார அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். எத்தனை முறை கூப்பிட்டும் அம்மாதான் வர மறுத்துவிட்டார்.

"வாசமா இருக்குமா?"

"அவ்வளவா இருக்காதுக்கா."

"தலையில வைப்பாங்களா?"

"பறிக்கவே கூடாதுக்கா. எல்லாரும் மரத்தடியில நின்னு பாக்கறதோட சரி."

"சும்மா பாக்கறதுக்கா பிளேன் ஏறிப் போறீங்க?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா பூ வைப்பதில்லை. வீடு திரும்பும்போது காரில் மெதுவாகக் கேட்டார்:

"அங்க யாருமே தலையில வைக்க மாட்டாங்களா?"

"யாருமே இல்லம்மா."

"அப்பன்னா நானும் வரேன் லா."

அம்மாவுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. சேலையில்தான் வருவாராம். அந்தக் குளிருக்கு உள்ளே என்ன போட்டுவிடுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.