கடைசிச் சரணத்தின் அவசரம்

அந்தக் கசெற்றைப் போட்டால் முதலில் கேட்பது பாட்டல்ல, சைக்கிள் சக்கரம் சுற்றும் சத்தம். மாமாவின் மகன், என் மச்சான், தான் எழுதிய ஆறு பாட்டுகளையும் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து ஒரே பின்னேரத்தில் பாடிப் பதிந்தார். மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காத சண்டைக் காலம். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து றெக்கோடருக்கு வயர் கொழுவி, நான் பெடலைக் கையால் சுற்றினேன். ஆறாவது பாட்டுக்கு வரும்போது தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். அடுத்த கிழமை அவர் கனடாவுக்கு வெளிக்கிட்டுவிட்டார்.

ஊருக்குக் கரண்ட் வந்த பிறகுதான் அதை ஒழுங்காகக் கேட்டேன். ஆறாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் சுருதி ஏறுகிறது, குரல் ஓடுகிறது. மற்ற ஐந்திலும் அந்தப் பதற்றம் இல்லை. என்னை விட்டுப் போக மனமில்லாத தவிப்புத்தான் அது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசி வந்த இரண்டு சம்பந்தங்களை அந்தச் சரணத்தை நம்பித்தான் தட்டிக் கழித்தேன். அங்கே அவர் கல்யாணம் கட்டிப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்.

சங்கீத ரீச்சர் வேலையில் இருந்து நான் ஓய்வு பெற்றதும், மச்சானிடம் அனுமதி கேட்டு, ஆறு பாட்டுகளையும் நல்லூரில் ஒரு ஸ்டூடியோவில் என் குரலில் பதிந்தேன். ‘‘கடைசியிலை சுருதி ஏன் ஏறுது, அக்கா?’’ என்றார் ஒலிப்பதிவுக்காரர். ‘‘பாட்டு அப்பிடித்தான்’’ என்று வாயை அடைத்துவிட்டேன். பதிந்ததையும் பழைய கசெற்றின் பிரதியையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாள் போனும் கையுமாகத் திரிந்தேன்.

நாலாம் நாள் அவருடைய குரல் வந்தது. ‘‘நல்லாப் பாடியிருக்கிறீர் மச்சாள். ஆனால் கடைசிச் சரணத்தை ஏன் உப்பிடி ஓட்டுறீர்? நான் ஒரே சீராத்தான் பாடினனான். உமக்குக் கை களைச்சு றெக்கோடர் மெல்ல ஓடியிருக்கு. மெல்ல ஓடிப் பதிஞ்சது கரண்டிலை போட்டால் வேகமாய்த்தானே கேக்கும்?’’ பெரிதாகச் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. ‘‘களைச்சால் சொல்லியிருக்கலாமே. நிப்பாட்டியிருப்பனே.’’

சொல்லியிருக்கலாம். அந்த விறாந்தையில் நான் சொல்லாமல் விட்டது கை வலியை மட்டுமல்ல.

ஒலிப்பதிவுக்காரர் திருத்திப் பாடுவோம் என்கிறார். நான் சம்மதிக்கவில்லை. இன்று திரும்பவும் கசெற்றைப் போட்டேன். சக்கரம் சுற்றுகிறது, மச்சான் பாடுகிறார், கடைசிச் சரணத்தில் யாரோ தவிக்கிறார்கள். இத்தனை வருடமாக நான் கேட்டு அழுதது என்னைத்தான்.