சுவர் தாண்டும் சேவல்

பொறாமைப்படுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு சேவலுக்காகப் பொறாமைப்பட்டேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் இருந்தது அந்தச் சேவல். கழுத்தில் பொன்னிற இறகு, முதுகு செம்பு நிறம். வால் கறுப்பு என்று நினைத்துப் பார்த்தால் பச்சை தெரியும், திரும்பினால் நீலம் தெரியும். நடையைப் பார்த்தால் பஞ்சாயத்துக்குப் போகிற பெரிய மனுஷன் தோற்றுப்போவான். பால்காரரின் வண்டியைத் தெருமுனை வரை விரட்டும். ஆனால் ஒரு தானியம் கிடைத்தால் தான் தின்னாது, பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும்.

என்னிடமும் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. தின்பதற்கு மட்டும் முதல் ஆளாக வரும். என் பெட்டைகளே வெட்கமில்லாமல் சுவர் தாண்டிப் போய் அங்கே முட்டையிட்டன. போதாததற்கு என் வீட்டுக்காரர் தினமும் பல் விளக்கிக்கொண்டே சுவரோரம் நிற்பார்.

"ஏய், இங்கன வந்து பாரு. தெருவுல போறவுக எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாக."

எனக்கு வயிறு எரியும்.

அந்த ஐப்பசியில் ஓரகத்தியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, தேனி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்துத் தேறினாள். குணமானால் முருகன் கோயிலுக்குச் சேவல் விடுவதாக ஓரகத்தி வேண்டியிருந்தாள். எங்கள் பக்கம் முருகனுக்கு விடுகிற சேவலை அறுக்க மாட்டார்கள், கிருத்திகையன்று கோயிலிலேயே ஏலம் விட்டுவிடுவார்கள். சந்தையில் ஒன்று வாங்கி விடலாமா என்று என்னிடம்தான் வந்து கேட்டாள்.

"சாமி காரியம்டி. சந்தையில கெடக்குற நோஞ்சானையா விடுவ? வீட்டுல இருக்குறதுல நல்ல உருப்படியா விடணும்" என்றேன். பெரிய பக்தைதான் நான்!

அவள் முகம் வாடிப்போனது. சரியென்று தலையாட்டினாள். அன்றைக்கே உத்தமபாளையத்திலிருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். கிருத்திகையன்று அவன் ஏலத்தில் நின்று, யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கேட்டு, அந்தச் சேவலை எடுத்து வந்தான். "தம்பி ஆசப்பட்டு எடுத்துட்டான், எனக்கே தெரியாது" என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து வைத்தேன். கம்பு போட்டேன், கடலையை இடித்துப் போட்டேன். நான் அங்கே நிற்கும்வரை அது கொத்தவே இல்லை. நாலாம் நாள், பழகியிருக்கும் என்று பஞ்சாரத்தைத் தூக்கினேன். என் கெண்டைக்காலில் ஒரு கொத்து. அடுத்த நொடி சுவர்மேல் ஏறி நின்று இறகைச் சிலுப்பி ஒரு கூவல். தெருவே கேட்டிருக்கும். பிறகு அந்தப் பக்கம் குதித்துவிட்டது.

சாயங்காலம் ஓரகத்தி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்க சேவல்" என்றாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. "உங்க சேவல்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அது அவள் கையில் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருக்கும்.

ஐந்தாவது தடவை கொண்டுவந்தபோது அவள் உடனே போகவில்லை.

"ஏக்கா, ஒங்க தம்பி ஏலத்துல நின்னத நானும் பாத்தேன். எங்கிட்டக் கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே. சாமிக்கு வேற நல்லதா ஒண்ணு பாத்து விட்டிருப்பேன்."

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கொடுத்திருப்பாள்.

சேவலை வாங்கிப் பஞ்சாரத்துக்குள் விட்டேன். அது மூங்கில் இடுக்கு வழியாக, போகிற அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது சேவல்மேல் ஆசையே போய்விட்டது. இப்படி ஒரு மனசு இவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று வயிறு எரிந்தது.