எல்லோருக்கும் போன குரல்

மனைவி போன பிறகு மாலை விளக்கை நானே ஏற்றுகிறேன். பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒரே மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இப்போது வெளிநாட்டில் இருந்துகொண்டு எங்கள் வாவி நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அழைப்பாள். இந்த வைகாசியை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் ஒவ்வொரு மாலையும் அழைத்தாள்.

காரணம் அவளுடைய வேலைதான். முட்டை சுமந்த நண்டு வலையில் பட்டால் திரும்ப வாவியில் விட வேண்டும், இல்லாவிட்டால் போகப் போக நண்டே இராது என்று கண்டிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்த ஆட்கள் வாசித்துவிட்டார்கள். வலை வீசுகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? பேஸ்புக்கிலா, வாட்ஸ்அப்பிலா, எந்த நாள், எந்த நேரம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் திட்டம் போட்டாள்.

"அப்பா, துறையில ஆக்கள் எந்நேரம் போன் பாப்பாங்க?"

"விடிய மீன வித்துப்போட்டுப் படுப்பாங்க புள்ள. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கக்குள்ளதான் பாப்பாங்க."

நாள் குறித்தது நான். ஆண்டுக்கொரு முறை வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் வெளியூரில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள், ஊர்க் குரூப்பை எல்லோரும் பார்ப்பார்கள் என்றேன். படம் எடுத்தது அவள். வயிறு நிறைய மஞ்சள் முட்டையோடு ஒரு பெரிய நண்டு. கதவு திறந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மீன், நண்டு என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. நாள் குறித்த எனக்கு என்ன படம் என்று தெரியாது. படம் எடுத்த அவளுக்கு, அவ்வளவு தூரத்தில், அந்த வழக்கம் நினைவில் வரவில்லை. அம்மன் படங்களுக்கு நடுவே நண்டு வந்து நின்றது. ஒருவரும் அதை அடுத்தவருக்கு அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி வாவியில் தொழில் செய்பவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணன், அம்மாள் கதவு திறந்திரிக்கக்குள்ள மகள் நண்டு போட்டிரிக்கா? மச்சம் விட்ட ஆக்கள வாயூற வைக்கிறாவா?"

"நண்ட விடச் சொல்லித்தான் எழுதியிரிக்கா தம்பி."

"ஆர் வாசிச்ச? வலை இழுத்த ஈரக்கையால போனத் தொட ஏலுமா? கதைச்சு அனுப்பச் சொல்லுங்க, காதால கேக்கிறம்."

மகளிடம் சொன்னேன். "அம்மா இருந்திருந்தா முதல்லயே ஏசியிருப்பா" என்றாள்.

அடுத்து வந்த மாலைகளில் குரலாக அனுப்ப வேண்டியதை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு புள்ள, விளங்கல்ல."

"உங்களுக்கு விளங்கிட்டு அப்பா. சும்மா கேக்கிறீங்க."

"ஓம், சும்மாதான்."

அந்த வாரம் களுதாவளைப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்தேன். அவள் சொல்வது எல்லாருடைய காதுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசி நாள் குளிர்த்திச் சடங்கோடு கோயில் கதவு அடைத்து, ஊர் மீன் உண்ணத் தொடங்கிய பின், அந்தக் குரலை மீனவர் சங்கத்துக் குரூப்புக்கு அனுப்பினாள். நான் அதில் இல்லை. சில நாள் கழித்து மீன் வாங்கத் துறைக்குப் போனேன். தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய போனில் என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். கரையேற்றிய தோணியிலும் அதே குரல். ஒருவர் வலையில் இருந்து நண்டொன்றைக் கழற்றி, அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்து, தண்ணீரில் விட்டார். கும்பிடத் தோன்றியது.

வேலை முடிந்துவிட்டது. அழைப்பும் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. அடுத்த ஆராய்ச்சிக்கு ஓடித் திரிகிறாள், பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதைக் கேட்டபடி தந்த பிள்ளையாரிடம் உடனே இன்னொன்றைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மகள் கதைச்சது உங்கட போன்ல இரிக்கா அண்ணன்?" என்று வேலியடியில் தம்பி கேட்டார்.

"இல்ல தம்பி. எனக்கு நேரதான் சொன்ன."

"பொறுங்க, அனுப்புறன்."

பலர் கைமாறி வந்த அடையாளத்தோடு அது வந்து சேர்ந்தது. விளக்கேற்றிவிட்டுப் போட்டுக் கேட்டேன். 'வணக்கம், வாவியில தொழில் செய்யிற அப்பாமாருக்கு' என்று தொடங்கியது. அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து போட்டேன்.